குழியில் விழுவது யார்?

உப்பளம் பார்க்கப் போகிறவர்கள் கோடையில் போவார்கள். பாத்திகளில் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்திருக்கும், கரையில் அம்பாரம் அம்பாரமாய்க் குவிந்திருக்கும், கண் கூசும். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்ட பிறகு உப்பளத்துக்குப் போகிறவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். நாம் மரக்காணத்துக்குப் போய்ச் சேர்ந்தது அப்படிப்பட்ட ஒரு நாளில்தான்.

சென்னையிலிருந்து கடலோரமாகப் புதுச்சேரிக்குப் போகும் சாலையில், புதுச்சேரிக்குச் சுமார் 35 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது மரக்காணம். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த ஊரே என்பது அறிஞர் பலருடைய கருத்து. பழம் பெருமை அப்படி இருக்க, அன்று நாம் கண்டது பாத்தி எது, வரப்பு எது, கழி எது என்று தெரியாமல் பரந்து கிடந்த ஒரே தண்ணீர். தை மாசியில் தொடங்கும் உப்பு வேலை, வடகிழக்குப் பருவமழை வந்ததும் நின்றுவிடுகிறது. 2024ஆம் வருஷம் நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையேறியதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப் புயல் வந்தாலும் வராவிட்டாலும், மழைக்கால மாதங்களில் அளத்துக்காரர்களுக்குக் கை சும்மா இருக்கும். வயிறுதான் சும்மா இருப்பதில்லை.

மழைக்கு ஒதுங்கிய தேநீர்க் கடைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே, கவிழ்த்து வைத்த பீப்பாயின் மேல் ஒரு கேரம் பலகை. அதற்கு மேலே தலையில் இடிக்கும் உயரத்தில் ஒரு விளக்கு. நால்வர் ஆடினார்கள், பதினைந்து பேர் ஆலோசனை சொன்னார்கள். பவுடர் டப்பாவுக்கு அடியில் மடித்த ரூபாய் நோட்டுகள் சில இருந்தன. அவை பவுடரைத் தாங்குவதற்காக அங்கே வைக்கப்படவில்லை என்பதை ஊகிக்க நமக்கு வெகு நேரம் ஆகவில்லை.

ஆடியவர்களில் ஒரு வாலிபன், சிவப்புக் காயை விரலளவு தூரத்தில் வைத்துக்கொண்டு தவறவிட்டான். குழந்தை தட்டினாலும் குழியில் விழுந்திருக்கக் கூடிய காய். "அடடா!" என்று நாம் வாய்விட்டுச் சொல்லிவிட்டோம். பக்கத்தில் குந்தியிருந்த முதியவர் நம்மைத் திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்தார்.

"பரிதாபப்படாதீங்க ஐயா. அது தவறின காய் இல்லை, தவறவிட்ட காய்."

"ஏன் பெரியவரே, தோற்பதற்கென்றே ஒருவர் ஆடுவாரா?"

"பையன் பாண்டிச்சேரியிலே பூல் மேஜை போட்டிருக்கிற கடையிலே ரெண்டு வருஷம் வேலை பார்த்தவன். பந்து உருட்டுகிற வித்தை அத்தனையும் தெரியும். நல்லா ஆடினான்னா அவனோட எவன் காசு வைத்து ஆடுவான்? ரெண்டு ஆட்டம் தோற்பான். அப்புறம் பாருங்க."

அப்புறம் பார்த்தோம். டப்பாவுக்கு அடியில் பத்து ரூபாய் நோட்டு போய் ஐம்பது ரூபாய் நோட்டு வந்தது, நூறும் வந்தது. அவனுடைய கைக்குத் திடீரென்று கண் முளைத்துவிட்டது போல் காய்கள் குழிகளைத் தேடித் தேடி விழுந்தன. எதிரே உட்கார்ந்திருந்த அளத்துத் தொழிலாளி, "இன்றைக்கு நமக்கு நேரம் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு நோட்டை எடுத்து வைத்தார்.

நேரத்தின் மேல் அவர் பழி போட்ட அந்த ஒரு வாக்கியந்தான் இந்தக் கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியது.

பூல் என்பது ஆறு குழிகள் உள்ள பச்சைத் துணி விரித்த மேஜையில், கோலால் பந்தைக் குத்தி மற்றப் பந்துகளைக் குழியில் தள்ளும் ஆட்டம். நம் கேரம் பலகையை அதன் ஏழை வீட்டுத் தங்கை என்று சொல்லலாம். 'பூல்' என்ற பெயர் பந்தையும் குறிக்காது, மேஜையையும் குறிக்காது. ஆடுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து போடும் பணயத் தொகைக்கே அந்தப் பெயர். அமெரிக்காவில் 'பூல் அறை' என்பது முதலில் குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டும் இடமாக இருந்தது; ஒரு பந்தயத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஜனங்கள் கலைந்து போகாதிருக்க அங்கே மேஜை போட்டு வைத்தார்கள். பணம் கட்டும் இடம் போய் மேஜை மட்டும் நிலைத்தது; பெயரும் அதற்கே வந்து சேர்ந்தது. ஆகையால் பூல் ஆட்டத்தில் சூது எப்போது நுழைந்தது என்று கேட்பது சரியல்ல. சூதுக்குள்தான் ஆட்டம் நுழைந்தது.

இந்த வம்சத்தில் மிகப் பிரசித்தமான பிள்ளை பிறந்தது நம் நாட்டில், அதுவும் ஒரு மழைக்காலத்தில். 1875ஆம் வருஷம். ஜபல்பூரில் ஆங்கிலேயப் படை அதிகாரிகளின் விடுதி. வெளியே மத்தியப் பிரதேசத்து மழை கொட்டுகிறது. குதிரை ஏற முடியாது, வேட்டைக்குப் போக முடியாது. ஆளுக்கு ஒரு நிறப் பந்தும் மூன்று 'உயிரும்' கொடுத்து, உயிர் போகும்போதெல்லாம் பணம் கட்டி, கடைசி வரை பிழைத்திருப்பவன் மொத்தத்தையும் அள்ளிக்கொள்ளும் 'லைஃப் பூல்' என்ற ஆட்டத்தையும், அதன் தம்பிகளையும் அவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். நெவில் சேம்பர்லேன் என்ற 19 வயது இளம் அதிகாரி, மேஜையில் இன்னும் சில நிறப் பந்துகளைச் சேர்த்தால் ஆட்டம் சூடு பிடிக்குமே என்றார். (இங்கிலாந்தின் பிரதம மந்திரியாயிருந்த நெவில் சேம்பர்லேன் வேறு மனிதர், ஒரு பாவத்துக்கு ஒருவரே போதும்.) ஸ்நூக்கர் பிறந்தது இப்படித்தான். பின்னர் சேம்பர்லேன் சென்னைப் படையின் தளபதி ராபர்ட்ஸுடன் உதகமண்டலத்துக்கு வந்தார்; அங்குள்ள கிளப்பில் ஆட்ட விதிகள் எழுதி மாட்டப்பட்டன. உலகமெங்கும் கோடிக்கணக்கானோர் இன்று பார்க்கும் ஓர் ஆட்டத்துக்குச் சட்டம் வகுத்த ஊர் நம் நீலகிரிதான். அந்தக் கிளப்பின் மேஜையருகே நம்மவர்கள் நின்றிருப்பார்கள், பானத் தட்டை ஏந்திக்கொண்டு.

ஜபல்பூரில் தோற்ற அதிகாரிக்கு மாதம் பிறந்தால் சம்பளம். அது நம் வரிப் பணம். மரக்காணத்தில் தோற்கிறவருக்கு மாதம் பிறந்தால் இன்னொரு மழை. ஆட்டம் ஒன்றே ஆனாலும் பணயம் ஒன்றல்ல.

காசு வைத்து ஆடுவதில் லாபமே இல்லை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அது உண்மையாகாது. காசு வைத்த ஆட்டத்தில் கை நடுங்கும். அந்த நடுக்கத்தை அடக்கப் பழகியவன் பெரிய ஆட்டக்காரன் ஆகிறான். பிலிப்பைன் தேசத்து எஃப்ரன் ரேயெஸ் என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழைச் சிறுவன், மணிலாவில் மாமனுடைய பூல் கடையில் வேலை, இரவில் படுக்கை அந்த மேஜையின் மேலேயே. சிறு வயதிலேயே காசுக்கு ஆடத் தொடங்கினார். 1996ஆம் வருஷம் ஹாங்காங்கில் அமெரிக்கரான ஏர்ல் ஸ்டிரிக்லாண்டை எதிர்த்து, முதலில் 120 ஆட்டம் ஜெயிப்பவருக்கே லட்சம் டாலர், தோற்றவருக்குச் சூன்யம் என்ற நிபந்தனையில் ஆடி, 120க்கு 117 என்ற கணக்கில் வென்றார். 1999இல் உலகச் சாம்பியனானார். வெள்ளைக்காரர் கிளப்புகளில் வளர்ந்த ஓர் ஆட்டத்தில், மேஜை மேல் படுத்துறங்கிய ஓர் ஆசியச் சிறுவன் உலகத்தையே வென்றான் என்பதில் நமக்கும் ஒரு சந்தோஷம் உண்டு, மறைப்பானேன்?

ஆனால் அதே ரேயெஸ் 1985இல் முதன்முதலாக அமெரிக்காவுக்குப் போனபோது எந்தப் பெயரில் ஆடினார், தெரியுமா? சீசர் மொராலெஸ் என்ற பொய்ப் பெயரில். அவருடைய கீர்த்தி அவருக்கு முன்பே கப்பலேறிப் போயிருந்தது. சொந்தப் பெயரைச் சொன்னால் காசு வைத்து ஆட ஆள் வராது. சங்கீத வித்வான் ஒருவர் கீர்த்தி பெற்றால் கச்சேரிகள் பெருகும். வைத்தியர் பெயரெடுத்தால் வாசலில் கூட்டம் நிற்கும். தொழிலில் தேர்ந்தவன் தேர்ச்சியை ஒளித்தால்தான் பிழைக்கலாம் என்ற விபரீதம் பணயம் வைத்த மேஜையில்தான் உண்டு. மரக்காணத்துப் பையன் சிவப்புக் காயைத் தவறவிட்டதும், உலக வீரர் பெயரை மாற்றிக்கொண்டதும் ஒரே காரணத்துக்காகத்தான்.

அமெரிக்காவில் இது ஒரு வாழ்க்கைத் தொழிலாகவே இருந்தது. 1959இல் வால்ட்டர் டெவிஸ் என்பவர் இதை வைத்து ஒரு நாவல் எழுதினார். 1961இல் அது சினிமாப் படமாயிற்று. அதே 1961இல் இல்லினாய் மாகாணத்து ஜான்ஸ்டன் சிட்டி என்ற சிற்றூரில், நாட்டிலுள்ள பந்தயக்காரர்களையெல்லாம் கூட்டி வருஷா வருஷம் போட்டி நடத்தத் தொடங்கினார்கள். பகலில் பரிசுக்காக ஆட்டம். இரவு முழுதும் பந்தயத்துக்காக ஆட்டம். பரிசைவிட இரவுப் பணமே பெரிது. 1972இல் மத்திய சர்க்காரின் அதிகாரிகள் புகுந்து சோதனை போட்டதோடு அந்தத் திருவிழா முடிந்தது. அங்கே கோலைக் கையில் எடுப்பதற்கு முன்பே பாதி ஆட்டம் முடிந்துவிடுமாம். "எனக்கு எத்தனை ஆட்டம் விட்டுக்கொடுப்பாய்?" என்ற பேரத்தில், தன்னைக் குறைவாகவும் எதிரியை உயர்வாகவும் பேசத் தெரிந்தவனே ஜெயித்தவன். நம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேரம் பேசுகிறவர்கள் அங்கே போயிருந்தால் பெரும் பணக்காரர்களாகத் திரும்பியிருப்பார்கள்.

இனி, நேரம் சரியில்லை என்ற அந்த அளத்துக்காரரிடம் வருவோம். கொஞ்சம் கணக்குப் போட நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இருவர் ஆடுகிறார்கள், பத்து ஆட்டத்தில் ஆறு ஒருவனுக்கு, நான்கு மற்றவனுக்கு என்ற அளவில்தான் திறமையில் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். பெரிய வித்தியாசமல்ல, பக்கத்தில் நின்று பார்ப்பவனுக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஒரே ஓர் ஆட்டம் என்றால் இளைத்தவனுக்கு நூற்றுக்கு நாற்பது பங்கு நம்பிக்கை உண்டு. அதே இருவர் அதே பணயத்தில் நூறு ஆட்டம் ஆடினால், முடிவில் இளைத்தவன் லாபத்தோடு எழுந்திருப்பதற்கு நூற்றுக்கு இரண்டு பங்குகூட இடமில்லை. மழைக்காலம் முழுவதும் தினம் நான்கு ஆட்டம் ஆடுகிறவன் நூறு ஆட்டத்தை ஒரே மாதத்தில் தாண்டிவிடுகிறான்! இடையிடையே அவன் ஜெயிக்கும் நாற்பது ஆட்டங்கள்தான் அவனை எழுந்து போகவிடாமல் உட்கார வைக்கும் பசை. பூல் கடையாக இருந்தால் மேஜைக்கு மணிக் கணக்கில் வாடகையும் சேர்கிறது. யார் தோற்றாலும் தோற்காத மூன்றாவது ஆசாமி கடைக்காரர்.

மரக்காணத்துக்குத் தெற்கே புதுச்சேரியில் பாரதியார் 1908 முதல் 1918 வரை வாழ்ந்தார். அங்கேதான் பாஞ்சாலி சபதம் உருவாயிற்று. முதற் பாகம் 1912இல் வெளிவந்தது. சூதாட்ட மண்டபத்தில் நாட்டையே வைத்துத் தோற்ற கதை அடிமைத் தேசத்துக் கவிக்கு ஏன் உகந்ததாயிற்று என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சூதிலும் சகுனி தேர்ந்த ஆட்டக்காரன். தருமருக்கோ ஆசை உண்டு, வித்தை இல்லை. ஒரே பலகையில் சகுனிக்கு அது திறமை ஆட்டம், தருமருக்கு அதிர்ஷ்ட ஆட்டம். தருமர் தோற்றதும் விதி என்றுதான் சொன்னார்கள்.

இந்த விஷயம் நம் சட்டத்துக்கு மட்டும் வெகு காலம் விளங்கவில்லை. 1930ஆம் வருஷத்துச் சென்னைச் சூதாட்டச் சட்டம், வெறும் திறமையால் ஆடப்படும் ஆட்டங்களைத் தன் பிடியிலிருந்து விலக்கி வைத்தது. அதே 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து போய் உப்பு அள்ளினார், சிறை சென்றார். அன்றைய சர்க்காருக்கு, கடற்கரையில் உப்பு அள்ளுவது குற்றம். தேர்ந்தவன் தேராதவனிடம் பணம் அள்ளுவது குற்றமல்ல! ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று சுப்ரீம் கோர்ட்டு 1968இல் சொல்லிற்று. குதிரைப் பந்தயமும் திறமையே என்று 1996இல் சொல்லிற்று. கைப்பேசியில் ரம்மி புகுந்து, பணம் இழந்தவர்கள் உயிரையே மாய்த்துக்கொள்ளத் தொடங்கிய பின், திறமை ஆட்டமானாலும் பணயம் வைத்து இணையத்தில் ஆடக் கூடாது என்று தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தை 2021 ஆகஸ்டில் ஐக்கோர்ட்டு ரத்துச் செய்தது. ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2023இல் புதுச் சட்டம் வந்தது. அந்த வருஷம் நவம்பரில் சட்டம் செல்லும் என்ற கோர்ட்டு, ரம்மிக்கும் போக்கருக்கும் மட்டும் அது செல்லாது என்றது. கடைசியாக 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, இணையத்தில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை நடத்துவது குற்றம் என்று சட்டம் செய்தது.

'திறமை' என்ற சொல்லைக் கேட்டதும் கௌரவமான காரியம் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் பகடை உருட்டும் இரண்டு ஏழைகளிடையே பணம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வரும். திறமை ஆட்டத்தில் அது ஒரே திசையில்தான் போகும். தேராதவனுக்கு அபாயம் அதிகமா, குறைவா என்பதை நேயர்களே தீர்மானிக்கலாம்.

தேர்ந்தவனும் தப்புவதில்லை. வெளியார் பணம் கட்டத் தொடங்கிவிட்டால், ஜெயிப்பதைவிடத் தோற்பதற்கு அதிக விலை கிடைக்கும் நாள் ஒன்று வரும். ஆங்கில ஸ்நூக்கர் வீரர் ஸ்டீஃபன் லீ, முடிவை முன்கூட்டி அமைத்த குற்றத்துக்காக 2013இல் 12 வருஷம் விலக்கப்பட்டார். 2023இல் பத்துச் சீன ஆட்டக்காரர்கள் ஒரே விசாரணையில் சிக்கினார்கள். இருவருக்கு ஆயுள் முழுதும் தடை. மேஜையில் புகழ் பெற்ற வில்லி தோர்ன், பந்தயத்தில் தாம் அழிந்த கதையைத் தாமே புத்தகமாக எழுதிவிட்டு 2020இல் காலமானார். நம் வில்சன் ஜோன்ஸ் 1958இல் கல்கத்தாவில் பில்லியர்ட்ஸ் உலகப் பட்டம் பெற்றார். சென்னை மரிய இருதயம் 1991இலும் 1995இலும் கேரமில் உலகப் பட்டம் பெற்றார். ஆட்டோ ஓட்டுகிறவரின் மகளான காசிமா 2024இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வென்றாள். இவர்களுக்கும் கை நடுங்கியிருக்கும். ஆனால் யாரும் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

மழை சிறிது விட்டது. கொட்டகை வாசலில் ஓர் அம்மாள், தலையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு நின்றாள். உள்ளே வரவில்லை, கூப்பிடவும் இல்லை. உப்பு வாரும் பலகை பிடித்துக் காய்த்துப் போன கைகள். நேரம் சரியில்லை என்ற தொழிலாளி அவளைக் கண்டதும் பலகையிலிருந்து எழுந்தார்.

"எவ்வளவு போச்சு?" என்றாள்.

"ஒண்ணும் இல்லை."

"ஒண்ணும் இல்லைன்னா இருக்கிறதைக் கொடு."

அவர் சட்டைப் பையைத் தடவினார். நாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். பெரியவர் மெல்லிய குரலில் சொன்னார்: "அளத்திலே வாங்கின முன்பணம் ஐயா. தை பிறந்தா வேலை செய்து கழிக்கணும். இந்த மழைக்குச் சாப்பிட்டது போக, இந்தப் பலகையிலே போட்டதுக்கும் சேர்த்து வெயிலிலே நிற்கணும். அவர் மட்டுமா நிற்பார்? அந்தப் பொண்ணும்தான் நிற்கணும்."

"இந்தப் பையனிடம் நீங்கள் சொல்லக் கூடாதா?"

"சொல்லாமலா? 'பெரியப்பா, நான் ஆடாட்டி அவர் போனிலே ஆடுவார். இங்கேயாவது போன காசு ஊருக்குள்ளே இருக்குது'ங்கிறான். பதில் சொல்லத் தெரியலை. போன மாசம் அந்தப் பொண்ணு அவன் வீட்டு வாசலிலே போய் நின்னப்போ, இருநூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்துட்டான். அதையும் சொல்லணும் இல்லையா?"

கொட்டகையில் ஓர் இடம் காலியாக இருந்தது. அந்தப் பையனே நம்மை அழைத்தான். "வாங்க ஐயா, பஸ் வர நேரமிருக்கு. காசு வேண்டாம், சும்மா ஒரு ஆட்டம்."

உட்கார்ந்தோம். சிறு வயதில் திண்ணையில் ஆடிய பழக்கம் கையில் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஆறு காய்கள் போட்டோம், சிவப்பையும் போட்டோம்! ஒரே ஒரு காய் வித்தியாசத்தில் தோற்றோம். கூட்டத்தில் இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். நமக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி உண்டாயிற்று என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

"ஐயா பலே ஆட்டக்காரர்! இன்னொன்று ஆடினால் என்னை ஜெயிச்சுடுவீங்க" என்றான் பையன், பவுடர் டப்பாவைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டே. "வேணுமானா ஒரு பத்து ரூபாய் மட்டும் வைத்துப் பார்ப்போமா?"

நம் கை சட்டைப் பைக்குப் போய்விட்டிருந்தது. நல்ல வேளையாகப் பஸ் வந்தது.